எங்கள் ஊரில் எல்லோருக்கும் மாரடைப்பு

கொரோனாவின் இரண்டாவது அலையில் எங்கள் கடற்கரை ஊரில் ஒருவர்கூடச் சாகவில்லை. அரசாங்கம் அப்படித்தான் சொன்னது. கேரளத்தில் பார்த்த ஓட்டல் வேலை போய், வடசேரிச் சந்தையில் மூட்டை இறக்கி, அதுவும் நின்றுபோய் நான் அக்கா வீட்டில் கிடந்த நேரம் அது. எட்டாம் வகுப்பைக்கூட முடிக்காதவன்தான். ஆனாலும் கல்லறைத் தோட்டத்தில் புதுமண் குவிந்திருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.

முதலில் போனது மச்சான், அக்காவின் மாப்பிள்ளை. காய்ச்சல், இருமல், பிறகு மூச்சுத் திணறல். தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே முடிந்துவிட்டது. கொரோனா என்று எழுதினால் உடலைப் பிளாஸ்டிக்கில் சுற்றித் தருவார்கள், பெட்டியைத் திறக்க விடமாட்டார்கள். எங்கள் பக்கம் இறந்தவரின் காலில் சொந்தக்காரர்கள் முத்தமிட்டு முத்தி செய்யாமல் பெட்டியை மூடுவதில்லை. அக்கா டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவருக்கும் அது வசதிதான், கொரோனாச் சாவு என்று மேலே கணக்குக் காட்ட வேண்டாம். டெஸ்ட் எடுக்காமலே மாரடைப்பு என்று எழுதித் தந்தார். மாதா கோயிலில் பெட்டியைத் திறந்து வைத்தோம். தெருவே வரிசையில் வந்து குனிந்து முத்தி செய்தது.

பிறகு வீடு வீடாகக் காய்ச்சல். செத்தவர்களுக்கெல்லாம் மாரடைப்பு. அக்காவுக்கும் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஊருக்கு டெஸ்ட் எடுக்கிற வண்டியை அனுப்பக் கேட்டு சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். சாவு விழுந்த ஊர்களுக்குத்தான் முதலில் போகுமாம்.

“உங்க ஊர்ல ஒரு சாவுகூட இல்லையே தம்பி” என்றார் அதிகாரி.

“கல்லறைத் தோட்டத்துக்கு வந்து பாருங்க சார்.”

“மாரடைப்புன்னு நீங்கதானே கேட்டு வாங்குனீங்க?”

அவர் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. பெட்டியைத் திறக்க ஆசைப்பட்ட அக்காவுக்குக் கணக்குத் தெரியாது. கணக்கெடுக்கவே சம்பளம் வாங்குகிறவருக்குமா தெரியாது? ஒரே தெருவில், கிழவருக்கும் வலை இழுக்கிற இளவட்டத்துக்கும் சேர்ந்தாற்போல் மாரடைப்பு வருமா என்று யாருமே கேட்கவில்லை. கேட்டால் எண்ணிக்கை கூடும். கூடினால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டில் வந்து சொன்னதும், தானே போய் உண்மையைச் சொல்ல அக்கா எழுந்து சேலையை மாற்றினாள். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் மறித்தாள். விஷயம் வெளியே போனால் ஊரை அடைப்பார்கள், மீனை யாரும் வாங்கமாட்டார்கள்.

“நீ ஒருத்தி வாயத் தொறந்தா ஊரே பட்டினி கெடக்கணுமாட்டி?”

“ஒனக்க மாப்பிள இப்பவும் மூச்சு உடுதாருல்லா? அது நிக்காம இருக்கத்தான் போறேன்” என்றாள் அக்கா. என்னிடம் திரும்பி, “ஆட்டோ புடி மக்கா.”

அலுவலகத்தில் சுவரைப் பிடித்து நின்றுகொண்டு சொன்னாள்: “எனக்க மாப்பிள கொரோனாவுலதான் செத்தாரு. நான்தான் மாத்தி எழுதச் சொன்னேன். இப்போ நேரா எழுதுங்க.”

டெஸ்ட் எடுக்காததை இனி மாற்ற முடியாது என்றார் அதிகாரி, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டே. மூச்சு வாங்கும் பொம்பளை எதிரே நிற்கிறாள் என்ற பயம். அந்தப் பயத்தில்தான் அவளுக்கு ஆம்புலன்ஸ் வந்தது, மறுநாள் ஊருக்கு வண்டி வந்தது. தெருமுனையில் தகரம் அடித்து ஊரை அடைத்தார்கள்.

அக்கா பிழைத்துத் திரும்பினாள். பக்கத்து வீட்டுக்காரி அவளோடு பேசுவதில்லை. அரசாங்கத்துக்கு மச்சான் இன்றைக்கும் மாரடைப்பில் செத்தவர்தான். மாதா கோயிலில் அவர் நினைவுக்கு வைக்கும் ஆண்டுப் பூசையில் அவர் பெயரோடு ‘கொரோனாவில் இறந்தவர்’ என்றும் சேர்த்து வாசிக்கச் சொல்கிறாள் அக்கா. பங்குச் சாமியாரும் வாசிக்கிறார்.