வாலென்டினின் பூட்ஸ்

யார் வந்தாலும் அப்பா முதலில் காலைத்தான் பார்ப்பார்; முகத்தை அப்புறம்தான். விவரம் தெரிந்த நாளிலிருந்து ரெஜினா இதைக் கவனித்திருக்கிறாள்.

ஒன்பது வயதில் ஜெர்மனியிலிருந்து கப்பலேறித் தெற்கு பிரேசிலுக்கு வந்தவர் அப்பா லோரென்ஸ். வளர்ந்து, காடு வெட்டி மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்தவரைப் பராகுவே சண்டைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அடுத்த முகாமுக்கு ஒரு கடுதாசி கொண்டுபோகச் சொன்ன சமயம், சேற்றில் அவருடைய பூட்ஸ் பிய்ந்துபோனது. காய்ச்சலில் கிடந்த கூட்டாளி வாலென்டின் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தான்.

"கடுதாசியைச் சேர்த்துட்டு வந்து குடுடா. என்னை வெறுங்காலோட ஊருக்கு அனுப்பிடாதே."

இரண்டு நாளில் லோரென்ஸ் திரும்பியபோது கூடாரம் காலி. நோயாளிகளைப் படகில் எங்கோ ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

இருபத்தைந்து வருடமாக, ஈஸ்டர்தோறும் அந்தப் பூட்ஸுக்குப் பன்றிக்கொழுப்பு தடவி ஆணியில் மாட்டுவார்.

ரெஜினாவின் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை எட்வினிடம் கட்டைச் செருப்புதான் இருந்தது.

"அப்பா, ஒரே நாளைக்குக் குடுங்களேன்," என்று கெஞ்சினாள்.

"நானும் ரெண்டே நாளைக்குன்னுதான் வாங்கினேன், கண்ணு."

"அந்த மனுஷனுக்கு இப்போ கால் வீங்கிப்போயிருக்கும். எங்கே நுழையப்போகுது!" என்று அம்மா சிரித்தாள்.

"அதை அவன் வந்து போட்டுப் பார்த்துட்டுச் சொல்லட்டும்."

கோயிலின் பலகைத் தரையில் எட்வின் டக்டக்கென்று நடந்துபோனான். அப்பா வாசலிலேயே நின்று, வெளியூர்க்காரர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் இறந்தபோது, "அவருக்கே போட்டு அனுப்பிடலாமே," என்றான் எட்வின். ரெஜினா சம்மதிக்கவில்லை. இந்த ஈஸ்டருக்கு அவள்தான் கொழுப்பு தடவினாள். பூட்ஸ் இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. வாலென்டின் வந்து வாங்கிக்கொள்ளவில்லை.