தரை வழியாக வந்த சத்தம்

மகன் இயற்பியல் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். "ஒலி அலைகள் காற்றைவிடத் திடப்பொருளில் வேகமாகப் பரவும்." உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டேன். எண்பதுகளில் அரியலூரில் நாங்கள் இருந்த வீட்டுக்கு மனசு போய்விட்டது.

மதியத்தில் சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைப்பார்கள். சின்ன வயதில் காய்ச்சல் கண்டு காது போன வள்ளி அக்காவுக்குத்தான் அது முதலில் தெரியும். வெறுங்காலோடு நிற்பவள் சட்டென்று என் தோளைத் தட்டுவாள். அதற்குப் பிறகுதான் எங்களுக்குச் சத்தம் வந்து சேரும்.

அவளைப் பெண் பார்க்கத் திருமழபாடியிலிருந்து வந்தார்கள். காது விஷயத்தை முன்பே சொல்லியிருந்தும் மாப்பிள்ளையின் அம்மா தயங்கினாள். "கூப்புட்டா திரும்ப மாட்டாளே, எப்படிங்க குடும்பம் நடத்துவா?"

அப்பா பதில் தேடுவதற்குள் அக்கா என் தோளைத் தட்டினாள்.

"வெடி வச்சுட்டாங்க," என்றேன்.

"ஒண்ணும் கேக்கலியே," என்று மாப்பிள்ளை சொல்லி முடிக்கவும் சன்னல் அதிரவும் சரியாக இருந்தது.

அவர் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தார். "அடுத்த வெடி எப்ப? எனக்கும் தெரியுதான்னு பாக்கறேன்." அதைப் பார்த்த அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவர் தன் அம்மாவிடம் திரும்பி, "இந்தப் பொண்ணே போதும்மா," என்றார்.

மகன் பிறப்பதற்கு முன்பே அக்கா இறந்துவிட்டாள். நான் சொன்ன கதையைக் கேட்டவன், "பெரியம்மா சிரிச்சா எப்படிம்மா இருக்கும்?" என்றான்.

எங்களிடம் இருக்கும் ஒரே போட்டோவில் அவள் சிரிக்கவில்லை.