பை வைத்த நைட்டியும் மாமாவின் குரலும்

பை வைத்த நைட்டி தைத்து விற்கலாம் என்று எனக்குத் தோன்றியது, கேஸ் சிலிண்டர்க்காரர் வாசலில் நின்று ஓடிபி கேட்ட ஒரு காலையில். போனைக் காணோம். கட்டில், ஜன்னல் திட்டு, துவைக்கிற கல் என்று வீடு முழுக்க ஓடித் தேடினேன். கடைசியில் அது மாவு டப்பாவின் மேல் இருந்தது. ஆண்கள் சட்டையில் பை இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் டவுசரில் பை இருக்கிறது, நாள் முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிற நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று எரிச்சலாக வந்தது.

கல்யாணத்துக்கு முன்பு ஒரு ரெடிமேட் கடையில் தையல் பிரிவில் இருந்தவள் நான். அன்றைக்கே பழைய நைட்டி ஒன்றில் இரண்டு பக்கமும் ஆழமாகப் பை வைத்துத் தைத்தேன். என் மாமியார் அதை வாங்கிப் பார்த்து, போட்டுக்கொண்டார். மறுநாள் பார்த்தால் ஒரு பையில் டிவி ரிமோட், இன்னொன்றில் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும்.

"இதை எங்கிட்டத் திருப்பிக் கேக்காத" என்று சொல்லிவிட்டார்.

அத்தைக்கே பிடித்துவிட்டதென்றால் விற்கும் என்று நம்பினேன். அவருக்கு எதுவும் லேசில் பிடிக்காது. காரைக்குடியில் நாங்கள் இருப்பது ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு சின்ன வீடு. என் கணவர் பைக் ஷோரூமில் வேலை பார்க்கிறார். மாமனார் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை பிடிக்க வசதியில்லை. அதனால் போனிலேயே ஒரு பக்கம் தொடங்கி, பெயர் வைத்து, படம் போட்டு விற்பது என்று முடிவு செய்தோம்.

படம் எடுப்பதில்தான் முதல் சிக்கல். நைட்டியை யார் போட்டுக்கொண்டு நிற்பது? "நீயே நில்லேன்" என்றார் கணவர். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. "என்னையப் போட்டோ எடுத்தா நான் கல்லலுக்கு எந்தம்பி வீட்டுக்குப் போயிருவேன்" என்று அத்தை முன்கூட்டியே அறிவித்தார். துணிக்கடைப் பொம்மை வாங்கக் கட்டுப்படியாகாது. மொட்டை மாடிக் கொடியில் மாட்டி எடுத்தோம். காற்றடித்து உப்பிப் போய், தலையில்லாத ஆள் மிதப்பதுபோல் இருந்தது.

மாமா இதிலெல்லாம் தலையிடவே இல்லை. அவருக்கு நைட்டி என்ற சொல்லே வாயில் வராது. "அந்த உடுப்பு வேலை எப்படிப் போகுது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார்.

கையில் இருந்த கொஞ்சம் பணத்தை ஒரு வார விளம்பரத்துக்குக் கட்டினோம். போன் ஓயாமல் சத்தம் போட்டது. சந்தோஷமாக எடுத்துப் பார்த்தேன். "ஹாய்." "சாப்டாச்சா?" "நீங்க போட்டுக் காட்டுங்க." எல்லாம் ஆண்கள். உண்மையில் துணி வேண்டும் என்று கேட்டவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி என் சித்தி மகள்.

நாலாவது நாள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எனக்கு இது வேண்டாம், பக்கத்தை மூடிவிடுகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்து, ஒவ்வொருவனையும் கூப்பிட்டுக் கேட்கிறேன் என்று எழுந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

"போன இங்குட்டுக் குடு ஆத்தா."

"நீங்க எதுக்கு மாமா இதெல்லாம் பாக்குறீக? வேணாம்."

"குடு. முப்பது வருசம் படிக்கட்டுல நின்ன பயலுகளோட பேசுனவன் நான்."

அவருக்கு டைப் அடிக்க வராது. வாய்ஸ் மெசேஜ் எப்படி அனுப்புவது என்று கணவர் காட்டிக்கொடுத்தார். மாமா பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்சீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசினார்.

"வணக்கம் தம்பி. இது காரைக்குடியில ஒரு குடும்பம் நடத்துற கடை. நான் மாமனார் பேசுறேன். சாப்பிட்டாச்சு, இன்னைக்கு எங்க வீட்டுல புளிக்குழம்பு. சொல்லுங்க, யாருக்கு வேணும்? அம்மாவுக்கா, தங்கச்சிக்கா? என்ன அளவு?"

ஹாய் சொன்ன ஒவ்வொருவருக்கும் இதே மரியாதை. பெரும்பாலானவர்கள் கேட்டுவிட்டு மறைந்துபோனார்கள். ஒருவர் "சாரி அங்கிள்" என்று எழுதினார். இன்னொரு பையனுக்கு என்ன தோன்றியதோ, "அம்மாவுக்குத்தான் அங்கிள், அளவு தெரியல" என்றான். "அம்மாகிட்டப் பழைய உடுப்ப வாங்கி, தோள்ல இருந்து கால் வரைக்கும் அளந்து சொல்லுங்க தம்பி" என்றார் மாமா. அவன் அளந்து சொன்னான். வாங்கவும் வாங்கினான். நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அதோடு போன் மாமாவிடமே தங்கிவிட்டது. ஒருநாள் நான் சமையலில் இருந்தபோது, கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் பையின் ஆழம் எவ்வளவு என்று கேட்டிருந்தார். மாமாவே பதில் சொன்னார்:

"இந்த உடுப்புல ரெண்டு பக்கமும் பை இருக்கும்மா. வலது பக்கம் போன் நிக்கும், குனிஞ்சாலும் விழாது. இடது பக்கம் எங்க வீட்டுக்காரம்மா கறிவேப்பிலை வைக்கிறாக. நீங்க என்ன வச்சாலும் துவைக்குறதுக்கு முன்னாடி பையத் தடவிப் பாத்துருங்க. போன வாரம் எங்க வீட்டுல தக்காளி ஒண்ணு துணியோட ஊறிப்போச்சு."

அந்தப் பெண் இதைத் தன் அடுக்குமாடிக் குடியிருப்பு குரூப்பில் போட்டிருக்கிறார். அங்கிருந்து யாரோ அக்கா தங்கைகளுக்கு அனுப்ப, அவர்கள் அலுவலகத் தோழிகளுக்கு அனுப்ப, ஒரு வாரத்துக்குள் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள். "அய்யா பேசுனதக் கேட்டோம், அந்தத் தக்காளி உடுப்பு இருக்கா?" என்றே ஒருவர் கேட்டார். அதன்பிறகு நாங்களும் பக்கத்தில் உடுப்பு என்றே எழுதத் தொடங்கிவிட்டோம்.

விளம்பரத்துக்கு மறுபடி நாங்கள் காசு கட்டவில்லை. வாரத்துக்கு ஒரு சின்ன வீடியோ எடுப்போம். முகம் தெரியாது, துணியும் பையும் ஒரு கையும் மட்டும். கைக்கு அத்தை ஒப்புக்கொண்டார். முதல் நாள் கல்யாண வளையலைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பின்னணியில் மாமாவின் குரல். அதற்காக அவர் மொட்டை மாடியில் தனியாக நடந்து ஒத்திகை பார்ப்பார். எதிர்வீட்டுக்காரர், "யார்கூடப் பேசுறாரு உங்க மாமா?" என்று என்னிடம் கவலையாக விசாரித்தார்.

அத்தைக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு குறை. ஒருநாள் வெடித்துவிட்டது.

"ஊர்ல உள்ள பொம்பளைக கூடெல்லாம் அம்மா, தாயினு இனிக்க இனிக்கப் பேசுறீக. எங்கிட்ட ஒருநா இப்பிடிப் பேசியிருக்கீகளா?"

"நீ என்ன ஆர்டரா போட்ட?" என்றார் மாமா.

அன்று மாலை அவருக்குக் காபி வரவில்லை. அவரே போய் இரண்டு டம்ளர் போட்டு எடுத்துவந்தார். ஒன்றை அத்தையிடம் நீட்டி, கடைக் குரலில், "சூடா இருக்கு தாயி, பாத்துக் குடிங்க" என்றார். அத்தை சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு ஒருநாள் கல்லலிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. மாமா முன்னறையில் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்திவிட்டு அடுப்படிக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் போனை நீட்டினார்.

"இது நீ பேச வேண்டியது ஆத்தா."

மெல்லிய குரல். விவசாயக் குடும்பத்துப் பெண். மார்பில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். விலாவிலிருந்து ஒரு டியூப் இறங்கி, நீர் வடிவதற்கு ஒரு சின்ன டப்பாவில் முடிகிறது. எழுந்தால், நடந்தால் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. உள்பக்கம் பை வைத்து, முன்னால் முழுவதும் திறக்கிற மாதிரி தைத்துத் தர முடியுமா?

நான் அவரை வீடியோவில் கூப்பிட்டுப் பேசினேன். டப்பா எவ்வளவு பெரிது, எந்த உயரத்தில் தொங்குகிறது, கையை எவ்வளவு தூக்க முடிகிறது என்று கேட்டுக்கொண்டு, கைப்பக்கம் அகலமாக விட்டு, மெல்லிய பருத்தியில் தைத்தேன். கூரியரில் போட எழுந்தபோது மாமா சட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.

"கல்லல்தான? இந்தா இருக்கு. நானே கொண்டுபோயிக் குடுத்துர்றேன்."

"ஆம்பள தனியாப் போயி வாசல்ல நின்னு என்னத்தச் சொல்லுவீக? இருங்க, நானும் வர்றேன்" என்று அத்தை சேலை மாற்றப் போனார்.

பொழுது சாயும்போது இருவரும் திரும்பி வந்தார்கள். மாமா நேராகக் கால் கழுவப் போனார். அத்தைதான் சொன்னார்: "உள்ள போயிப் போட்டுக்கிட்டு வந்துச்சு. வந்து ரெண்டு கையாலயும் காபித் தட்டத் தூக்கிட்டு வந்து எங்களுக்குக் குடுத்துச்சு பாரு… உக்காருத்தா, நீ ஏன் சிரமப்படுறன்னா கேக்கவே இல்ல. ரெண்டு கையும் சும்மா இருக்குன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்குது."

அந்தப் பெண் ஆஸ்பத்திரி நர்ஸிடம் சொல்லியிருக்கிறார். இப்போது அவ்வப்போது மற்ற நோயாளிகளும் அதே மாதிரி கேட்டு வருகிறார்கள். இதையும் வீடியோவாகப் போட்டால் பலருக்குத் தெரியுமே என்று கணவர் ஒருமுறை சொன்னார். துணியை மட்டும் காட்டி, என் குரலில் ஒன்று போட்டோம். சிரிப்பு, தக்காளி எதுவும் இல்லை. அதற்கு வருகிற அழைப்புகளை மாமா அப்படியே என்னிடம் கொடுத்துவிடுவார்.

கடை பெரிதாக வளர்ந்துவிடவில்லை. பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் வந்து என்னோடு தைக்கிறார். வீட்டுச் செலவில் ஒரு பங்கை நான் எடுத்துக்கொள்ள முடிகிறது. சொல்லப்போனால் துணியைவிட மாமாவைத்தான் அதிகம் பேர் விசாரிக்கிறார்கள்.

போன மார்கழியில் அவருக்குச் சளி பிடித்துத் தொண்டை அடைத்துவிட்டது. ஒரு வாரம் பேசக்கூடாது என்றார் டாக்டர். பக்கத்தில் அய்யா குரல் கேட்கவில்லையே என்று விசாரணை. சுக்கும் மிளகும் தட்டிப் போடுங்கள் என்று ஆளாளுக்கு வைத்தியம். நாகர்கோவிலிலிருந்து ஒரு அம்மா கருப்பட்டியே அனுப்பிவிட்டார். நானும் தையலில் முங்கிக் கிடந்ததால், அந்த வாரம் போன் அத்தையிடம் போனது.

அவர் பாணி வேறு. "வெலையக் கொறைக்க மாட்டோம். ஒரு தடவ துவைச்சுப் பாருங்க, அப்புறம் பேசுங்க." "நீங்க சொல்ற அளவு சின்னதா இருக்கும், வெக்கப்படாமச் சரியாச் சொல்லுங்க." கட்டிலில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமா தவித்துப்போனார். பேச முடியாமல், கொஞ்சம் நயமாகப் பேசு என்று இரண்டு கையாலும் ஜாடை காட்டிக்கொண்டே இருந்தார். அத்தை திரும்பி உட்கார்ந்து அவருக்கு முதுகைக் காட்டினார். போனை வாயருகே கொண்டுபோய், "நீங்க சொல்லுங்க தாயி, இங்குட்டு ஒருத்தர் நடுவுல நடுவுல ஆட்டம் காட்டுறாரு, அதக் கண்டுக்காதீக" என்றார்.