தேசிங்குவின் தோள் வலி

பழவேற்காட்டுப் பக்கம் நர்ஸ் வேலைக்கு வரும் பெண்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே நோயாளி நோயைச் சொல்ல வரமாட்டார். என்ன நோய், எதனால் வந்தது என்பதையெல்லாம் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு, ஊசி போட்டுக்கொள்ள மட்டும் வருவார்.

கோட்டைக்குப்பம் தேசிங்கு அப்படித்தான் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார். வலது தோளில் வலி.

"வலை இழுத்த வலிம்மா. ஒரு ஊசி போட்டு அனுப்பு, போதும்."

தோளை அழுத்தினேன், கையைத் தூக்கச் சொன்னேன். சுகமாகத் தூக்கினார்.

"எப்ப வலிக்குது?"

"அதான் வேடிக்க. பாடு இருக்கற நாள்ல ஒண்ணும் இல்ல. வூட்ல குந்திகினு இருந்தாத்தான் வலிக்குது. வேல இல்லாத ஒடம்பு, இன்னா பண்ணும்?"

பாடு என்பது ஏரியில் வலை கட்டும் முறை. இன்ன நாள் இன்னாருக்கு என்று ஊர் பிரித்துக் கொடுத்திருக்கும். தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வலை இழுக்கும் நாளில் வராத வலை வலியை நான் அதுவரை பார்த்ததில்லை. வீட்டில் இருக்கும் நாளில் என்ன சாப்பாடு என்று கூட வந்திருந்த அவர் மனைவி அமுலுவிடம் கேட்டேன்.

"பாடுன்னா கஞ்சிதாம்மா. வூட்ல இருந்தா எண்ணெ மெதக்க மடவ மீனு வறுவலு, கறிக்கொழம்பு. துன்னு கொஞ்ச நேரத்துல வலது வெலா எலும்புக்குக் கீழ புடிச்சிக்குது. முதுவு, தோளுனு ஏறுது. வாந்தி எடுக்கறாரு. கேஸுனு சொல்லி சோடா குடிக்கறாரு."

டாக்டர் அந்த இடத்தில் கையை வைத்து அழுத்தி, மூச்சை இழுக்கச் சொன்னார். பாதி மூச்சிலேயே வலி தாங்காமல் தேசிங்கு நிறுத்திவிட்டார். ஸ்கேனில் பித்தப்பை நிறைய கல். ஆபரேஷன் என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"நாளான்னிக்கு என் பாடு. அத வுட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. குளிர் காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, மூத்திரம் கறுத்துப் போனாலோ ஒரு நிமிடம் தாமதிக்காமல் அழைத்து வா என்று அமுலுவிடம் சொல்லி அனுப்பினேன்.

அவர் பாடு நாளில் இறால் நன்றாக விழுந்ததாம். அதைக் கொண்டாடக் கறி எடுத்தார்களாம். மறுநாள் மத்தியானம் அமுலு அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். கண் மஞ்சள், உடம்பு நடுக்கம், பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதும் அவர், "ஏரிக் காத்து ஒத்துக்கலம்மா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. டிரிப் போட்டு ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பினோம். கல் பித்தக் குழாயை அடைத்துச் சீழ் பிடித்திருந்ததாம். பிழைத்தது அமுலுவால்.

ஆபரேஷன் முடிந்து, கல்லைச் சின்ன பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு எங்களைப் பார்க்க வந்தார். அதற்குள் கோட்டைக்குப்பத்தில் அவர்தான் பித்தப்பை ஸ்பெஷலிஸ்ட். தோள் வலி என்று யார் சொன்னாலும் பாட்டிலைக் காட்டி எங்களிடம் அனுப்பிக்கொண்டிருந்தார். வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அசல் வலை வலி.

பக்கத்தில் அமுலு வலது விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். ஸ்பெஷலிஸ்ட் முந்திக்கொண்டார்.

"அதுக்கு ஒண்ணும் இல்லம்மா. மீன் கூடை தூக்கற வலி. ஒரு ஊசி போட்டு அனுப்பு, போதும்."

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன்.

"அவுரு எண்ணெ துன்னக் கூடாதுனு சொல்லிட்டீங்க. பழக்கத்துல வறுத்துடறேன். வீணாப் போவுதேனு நான்தாம்மா துன்றேன்."

அவளையும் ஸ்கேனுக்கு அனுப்பினோம். தோள் வலி என்று வருபவரிடம் எதைத் தூக்கினாய் என்று கேளுங்கள், தப்பில்லை. எதைச் சாப்பிட்டாய் என்றும் கேளுங்கள். கூட வந்தவரிடமும் கேளுங்கள்.