பனியன் துணி சுற்றிய ஒயர்

டேபிளில் வெட்டியது போக மிஞ்சும் பனியன் துணித் துண்டுகளை எங்கள் ஊரில் கட்டிங் வேஸ்ட் என்போம். விரலில் வெட்டுப்பட்டாலும் அதுதான், குழாய் கசிந்தாலும் அதுதான். சின்னதாக ஒரு பனியன் யூனிட் வைத்திருக்கும் நான், வேனில் புதிதாக மாட்டிய மீட்டரின் ஒயர் இணைப்பிலும் அதையே சுற்றினேன். டேப் தீர்ந்துபோயிருந்தது. கடைக்குப் போகச் சோம்பல்.

அந்த மீட்டர் எஞ்சின் சூட்டைக் காட்டுவது. வாங்கிய காரணத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே வேன் கொதித்து ஆவி விட்டது. அத்தனை பேர் நடுவில் அக்கா வீட்டுக்காரர், “ஏனுங்க மாப்ளே, வண்டிக்குக் காய்ச்சலுங்களா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளே எரிந்தது. ரேடியேட்டரைச் சரிபண்ணியதோடு விட்டிருக்கலாம். டேஷ்போர்டில் நீல வெளிச்சத்தில் டிகிரி ஓடினால் மனுஷன் வாயடைத்துப் போவார் என்று, ஆன்லைனில் மீட்டரைத் தருவித்து நானே மாட்டினேன்.

அவருக்குக் காட்ட நாளும் வந்தது. காங்கேயம் பக்கம் குலதெய்வக் கோயிலில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்த மடி என்னுடையது. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம், அதற்குள் முடித்தாக வேண்டும். சீர்த்தட்டுகளையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு நேரத்தோடுதான் கிளம்பினேன்.

ஊரைத் தாண்டியதும் ஒரு வேகத்தடையில் வண்டி குலுங்கியது. மீட்டர் அணைந்தது, எஞ்சினும் நின்றது. எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்பின் ஃபியூஸிலிருந்துதான் மீட்டருக்கும் கரண்ட் எடுத்திருந்தேன். போயிருந்த ஃபியூஸைக் கழற்றி, ஸ்பேராக இருந்ததைப் போட்டேன். அடுத்த வேகத்தடையில் அதுவும் போயிற்று.

“ஏனுங்க, அந்த மீட்டரக் கழட்டிப் போட்டுட்டுப் போலாங்க,” என்றாள் மனைவி.

நல்ல யோசனை. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. “உனக்கென்ன தெரியும்? சும்மா உக்காரு,” என்று சொல்லிவிட்டு, வைப்பர் ஃபியூஸைப் பிடுங்கி அதில் செருகினேன். அதுவும் கொஞ்ச தூரம்தான் வந்தது.

அக்கா போனில் கூப்பிட்டாள். “எங்க சாமி வந்துட்டிருக்கறே?”

“இதா, கோயிலுக்குப் பக்கத்துலதாங்க்கா.”

கோயில் எங்கேயோ இருந்தது. நான் பட்டு வேட்டியோடு டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். செல்போன் வெளிச்சத்தில் கோளாறு தெரிந்தது. பனியன் துணி தளர்ந்து ஒரு பக்கமாக நழுவியிருந்தது. வெளியே தெரிந்த செம்புக் கம்பி, வண்டி குலுங்கும்போதெல்லாம் இரும்புச் சட்டத்தில் பட்டிருக்கிறது. பனியன் துணி இழுத்த இழுப்புக்கு நீளும், அதை இழுத்துத் தைக்காதீர்கள் என்று யூனிட்டில் நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான்.

கோளாறு தெரிந்த பிறகும் மீட்டரைக் கழற்ற மனம் வரவில்லை. மறுபடி கம்பியை முறுக்கி, மறுபடி சுற்றிக்கொண்டிருந்தேன். மனைவி பழத்தட்டைக் கீழே வைத்தாள். கையை உள்ளே விட்டு மீட்டர் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். ஹாரன் ஃபியூஸை எடுத்துப் போட்டதும் வண்டி ஓடியது. மீதி வழி முழுக்க ஹாரனும் இல்லை, பேச்சும் இல்லை.

கோயிலுக்குப் போனபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. என் சித்தப்பா மகன் மடியில் உட்காரவைத்துக் குத்தி முடித்திருந்தார்கள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா வீட்டுக்காரர் கிண்டல் செய்யவில்லை. என் வேட்டியில் இருந்த கறையைப் பார்த்தார். “வண்டி சூடாயிருச்சுங்களா மாப்ளே?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஆமாங்க மச்சான், சூடாயிருச்சுங்க.”

எந்தச் சொல்லைக் கேட்கக் கூடாது என்று மீட்டர் வாங்கினேனோ, அதையே என் வாயால் சொன்னேன். உண்மையைவிட அது கௌரவமாக இருந்தது. பக்கத்தில் நின்ற மனைவி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவமானத்தில் என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அழுது ஓய்ந்த பிள்ளை என்னிடம் ஓடிவந்தது. காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன.

“நீங்க வர்ற வரைக்கும் குத்த உடமாட்டேன்னு ரெண்டு காதையும் பொத்திட்டே இருந்தனுங்க மாமா,” என்றது. “கையப் புடிச்சு எடுத்துட்டாங்க.”