உப்பளத்தில் தேடிய விமானி

மரக்காணம் பக்கத்திலிருந்து கடற்படை விமானம் ஓட்டப் போன முதல் ஆள் என் வீட்டுக்காரர்தான். ஊர் அவரை மில்ட்ரிக்காரர் என்றே சொல்லும். அது வேறு, இது வேறு என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர் எனக்கு இரண்டாவது கணவர். முதல் கணவர் இவருடைய விமானத்தில் வழி கணித்துச் சொல்லும் நேவிகேட்டராக இருந்தவர். சண்டை நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது. இவரைக் காப்பாற்றிவிட்டார்கள், அவர் கிடைக்கவில்லை. தேடியது போதும் என்று உத்தரவு வந்ததும் இவர் மேலதிகாரியோடு மல்லுக்கு நின்றாராம். பிறகு மெடல் கொடுத்தார்கள். எனக்குச் சாவுச் செய்தி கொண்டுவந்தவரும் இவர்தான். சில வருஷம் கழித்து, ஊர் வாயில் விழுந்து எழுந்து, கல்யாணம் செய்துகொண்டோம். நன்றாகத்தான் வாழ்ந்தோம்.

வயசான பிறகு மறதி வந்தது. பிள்ளைகளின் பெயர், சாப்பிட்ட சாப்பாடு, எல்லாம் போயிற்று. என்னை மட்டும் மறக்கவில்லை. "அடியே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அதுவும் போய்விடுமோ என்று, கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடிப்போய் நிற்பேன்.

அவருக்கு மறக்காத இன்னொன்று அந்தத் தேடல். விடிந்தால் உப்பளத்தில் இறங்கிவிடுவார். ஆளைக் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து சதுரமாகச் சுற்ற வேண்டும், ஒவ்வொரு சுற்றும் பெரிதாக வேண்டும். கடலில் அப்படித்தான் தேடுவார்களாம். பாத்தி வரப்புகளும் சதுரம்தானே, அவருக்கு வசதியாகப் போயிற்று. உப்பு வாருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "ஏம்பா, புடிச்சு நிறுத்தக்கூடாதா?" என்று கத்தினால், "மெடல் வாங்கினவரு கையையா புடிச்சு இழுக்கிறது?" என்பார்கள். மண்ணாங்கட்டி மரியாதை!

ஒரு சித்திரை வெயிலில், மதியமாகியும் ஆளைக் காணோம். கடற்படைக்காரர் கடலுக்குத்தான் போயிருப்பார் என்று எக்கியார்குப்பத்து மீனவர்கள் தேடுவதற்குப் போட்டை இறக்கிவிட்டார்கள். நான் அவரைக் கடைசியாகப் பார்த்த எங்கள் வாசலிலிருந்து வரப்பு வரப்பாகச் சுற்றிப் போனேன். தூரத்துப் பாத்தி ஒன்றில், கணுக்கால் உப்புத்தண்ணீரில் நின்றிருந்தார். காலை உப்பு அறுத்து ரத்தம். உதடு வெடித்திருந்தது. இழுத்தேன், அசையவில்லை.

"அடியே, அவன் கிடைக்காம எப்பிடி வர்றது? அவன் பொண்டாட்டி மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

அந்தப் பொண்டாட்டி நான்தான், பாவி மனுஷா! அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நின்றால் செத்துப்போவார்.

"அவரு கிடைச்சிட்டாருங்க," என்றேன். "உசுரோட இருக்காரு. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அவர் முகம் அப்படி மலர்ந்ததை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. என் பின்னாலேயே நடந்து வந்தார்.

சாயங்காலம் காலுக்கு மருந்து போட உட்கார்ந்தேன். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

"நீங்க போயி என் காலத் தொடலாமாம்மா? உங்க வீட்டுக்காரருதான் வந்துட்டாரே. அவன்கிட்ட போங்க."

அதன்பிறகு அவர் உப்பளத்துக்குப் போகவில்லை. உடம்பும் தேறிவிட்டது. நான் அறைக்குள் போனால் மட்டும், நண்பனின் மனைவி வந்திருக்கிறாள் என்று, எழுந்து நிற்கிறார்.