ஆன்சல் க்ரூஸின் இரண்டாவது விசாரணை

சக கைதிகளோடு நெடுஞ்சாலை ஓரம் புல் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஆன்சல் க்ரூஸின் காதில் அந்தச் சேதி விழுந்தது. 1963 ஏப்ரல் மாதம். இதே ஃபுளோரிடாவில் இன்னொரு சிறையில் கிடந்த ஒருவன் பென்சிலால் எழுதிப் போட்ட மனுவை வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதாம். வக்கீல் வைக்க வக்கில்லாதவனுக்கு அரசே வக்கீல் தர வேண்டும், அது அரசியல் சாசனம் கொடுத்த உரிமை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்களாம். வக்கீல் இல்லாமல் தண்டனை வாங்கியவர்கள் மறுவிசாரணை கேட்கலாம்.

மற்றவர்கள் அரிவாளைத் தூக்கி எறிந்து கூத்தாடினார்கள். ஆன்சல் ஆடவில்லை. ஆறு வருடத் தண்டனையில் நான்கு போய்விட்டது. நன்னடத்தைக் கழிவு போக இன்னும் பதினாலு மாதம்தான். மறுவிசாரணையில் தோற்றால் புது நீதிபதி பத்து வருடம்கூடப் போடலாம்.

அவன் சிப்பிக்காரன். வளைகுடாவில் படகை நிறுத்தி, நீளக் கொறட்டால் அடியைத் துழாவிச் சிப்பி அள்ளுவது அவன் தொழில். 1959 ஜனவரியில் ஒரு விடியற்காலை, டீக் குடும்பத்தாரின் மீன் கிடங்கிலிருந்து புதுப் படகு மோட்டார் ஒன்று காணாமல் போனது. ஐந்தரை மணிக்கு ஆன்சல் தன் படகைக் கிடங்குத் துறையில் கட்டி மோட்டாரை ஏற்றியதைக் கண்ணால் கண்டதாக, முதலாளியின் தம்பி ஹார்லன் டீக் சாட்சி சொன்னான். ஆன்சலோ அந்நேரம் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தான். மனைவி டோவி அதைக் கோர்ட்டில் சொன்னாள். மனைவி சொல் எடுபடவில்லை.

அந்த முதல் விசாரணையில் அவன் வக்கீல் கேட்டான். மரண தண்டனை வழக்குக்கு மட்டும்தான் கோர்ட் வக்கீல் தரும் என்றார் நீதிபதி. குறுக்கு விசாரணை செய்யச் சொன்னபோது ஆன்சல் எழுந்து நின்று, “ஏன்டா ஹார்லன், இப்படிப் பொய் சொல்ற?” என்றான். அது கேள்வியே இல்லை என்று நீதிபதி அதட்டினார். அடுத்த கேள்வி அவனுக்கு வரவில்லை. அரை நாளில் வழக்கு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த டோவி கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கறாராகச் சொன்னாள்.

“பதினாலு மாசம் ஆன்சல். கண்ண மூடித் தொறந்தா போயிரும். நீ மனு கினுன்னு எதையும் எழுதாத.”

“எழுதிட்டேன்.”

“என்னைய ஒரு வார்த்த கேட்டியா?”

“கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப.”

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை.

கோர்ட் அனுப்பிய வக்கீல் வெண்டல் ஸ்ட்ரவுட், பத்திரம் எழுதியும் உயில் எழுதியும் பிழைத்தவர். “குற்ற வழக்கு எனக்குப் புதுசு மிஸ்டர் க்ரூஸ். மறைக்க விரும்பல,” என்றார். இவரா தன்னைக் காப்பாற்றப் போகிறார் என்று ஆன்சல் நினைத்தான். ஆனால் அந்த மனிதர் விடாக்கண்டர். மோட்டார் போன நாளில் எழுந்தது, தின்றது, மூக்குச் சிந்தியது வரை கேட்டார்.

“அன்னைக்கு ஏன் சிப்பிக்குப் போகல?”

“எப்படிப் போறதுங்க? மூணு நாளா வடகாத்து. குடாத் தண்ணி பூராத்தையும் கடலுக்குத் தள்ளிருச்சு. என் படகு சேத்துல உக்காந்திருந்துச்சு.”

ஸ்ட்ரவுட்டின் பேனா நின்றது. “இத போன தடவ கோர்ட்ல சொன்னீங்களா?”

“யாரும் கேக்கலையே.”

அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது. அதனாலேயே யாருக்கும் சொல்லத் தோன்றாத சங்கதி.

விசாரணை ஜூலையில் வந்தது. அன்று காலை, அரசு வக்கீல் கோர்ட் வராந்தாவிலேயே பேரம் பேசினார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் போதும், இதுவரை இருந்த நாளே தண்டனை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகலாம். டோவி ஆன்சலின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமான்னு சொல்லிரு. ஒரே ஒரு வார்த்த. யாருக்கு என்ன நட்டம்?”

“நான் எடுக்கலையே டோவி.”

“எனக்குத் தெரியும். ஊருக்கும் பாதி தெரியும்.”

“மீதிப் பாதி?” என்றான் ஆன்சல். அவள் பிடியை விட்டாள். அவன் உள்ளே போனான்.

ஜூரிகள் ஆறு பேர். அதில் இருவர் இறால் படகுக்காரர்கள், ஒருவர் டீக் கிடங்குக்கு மீன் விற்பவர். அவரைப் பார்த்ததுமே, இவர் டீக் பக்கம்தான் என்று ஆன்சல் முடிவுகட்டினான். ஹார்லன் டீக் அதே கதையை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தான். ஸ்ட்ரவுட் எழுந்தார். காற்று பற்றிய பதிவேட்டை வானிலை அலுவலகத்தில் கேட்டிருந்தார். அது வந்து சேரவில்லை.

“அந்த வாரம் உங்க கிடங்குல எத்தன மூட்டை சிப்பி வாங்குனீங்க மிஸ்டர் டீக்?”

“நாலு வருசத்துக்கு முந்தினது எப்படி ஞாபகம் இருக்கும்?”

“மோட்டார் போன அன்னைக்கு?”

“ஒண்ணும் வாங்கல.”

“ஏன்?”

“படகு எதுவும் போகல.”

“ஏன் போகல?”

ஹார்லன் அரசு வக்கீலைத் திரும்பிப் பார்த்தான். இறால் படகுக்காரர் ஒருவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

“பதில் சொல்லு,” என்றார் நீதிபதி.

“தண்ணி இல்ல. காத்து கொண்டுபோயிருச்சு.”

“உங்க துறையில எவ்வளவு தண்ணி இருந்துச்சு?”

“சேறுதான்.”

“சேத்துமேல படகு எப்படி வந்துச்சு?”

அது முந்தின நாளாக இருக்கலாம், இருட்டில் ஆள் மாறியிருக்கலாம் என்று ஹார்லன் குழறினான். ஸ்ட்ரவுட் நன்றி சொல்லி உட்கார்ந்தார். அவர் முதுகுச் சட்டை நனைந்திருந்தது.

ஜூரிகள் உள்ளே போய் ஐம்பது நிமிடம் ஆயிற்று. இவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று ஆன்சலுக்குப் புரியவில்லை. ஒருத்தன் முரண்டு பிடிக்கிறான், அது அந்த மீன்காரர்தான் என்று நினைத்தான். எண்ணிப் பார்த்தான்: பத்து வருடம் என்றால் வெளியே வரும்போது ஐம்பத்து மூன்று வயது. பின்வரிசையில் டோவி கைக்குட்டையைக் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. தீர்ப்பை வாசிக்க எழுந்தவர் அந்த மீன்காரரேதான்.

“குற்றவாளி இல்லை.”

ஆன்சலுக்கு அது ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு எழுந்து, “ஐயா, அந்த நாலு வருசம்?” என்று கேட்டான். அதற்குத் தன்னிடம் அதிகாரம் இல்லை என்றார் நீதிபதி, குரல் தணிந்து.

வெளியே படிக்கட்டில் டோவி அவன் பக்கத்தில் நின்றாள். “நீ மாட்டேன்னதும் உன்னைய அறையணும்போல இருந்துச்சு.”

“இப்ப?”

“இப்பவும்தான்,” என்று சொல்லி அழுதாள்.

அவன் படகு எப்போதோ உளுத்துப் போயிருந்தது. இன்னொருவர் படகில் கூலிக்குச் சிப்பி அள்ளினான். முதல் வாரமே, தன்னோடு புல் வெட்டிய ஏழு பேருக்கும் கடிதம் போட்டான்: பயப்படாமல் மனு எழுதுங்கள், வக்கீலிடம் எதையும் விடாமல் சொல்லுங்கள். மூவர் விடுதலையானார்கள். மூவர் எழுதவே இல்லை. ரேஃபர்ட் மெல்லன் என்பவனுக்கு மட்டும் மறுவிசாரணையில் ஐந்து வருடத் தண்டனை எட்டாகிவிட்டது.

மாதத்தின் முதல் ஞாயிறு ஆன்சலும் டோவியும் ரேஃபர்டைப் பார்க்கச் சிறைக்குப் போவார்கள். அவன் ஒருநாளும் குறை சொன்னதில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஆன்சல் தான் போட்ட கடிதத்தின் வரிகளைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருப்பான்.